64 கோர் போட்டும் ரன் வேகமாகலை (ஏடிசர்க், பாம்பன் மெஷ்)

பாம்பன்வலை:
தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை, புயலில் கடல் எவ்வளவு ஏறும் என்று பார்க்க ஏடிசர்க் (கடல் மட்டம், நீரோட்டம் கணக்கிடும் புரோகிராம்) ஓட்டுகிறேன். மெஷ், அதாவது கடலை முக்கோணங்களாகப் பிரித்த வலை, அதில் 82,000 நோடு (முக்கோண முனைகள்). பாம்பன் ரயில் பாலத் தூண்களைச் சுற்றி எலிமெண்ட் (ஒரு முக்கோணம்) 15 மீட்டர் வரை இறங்குகிறது, அங்கே ஆழம் 6 மீட்டர் கொடுத்திருக்கிறேன். டைம் ஸ்டெப் (ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடைவெளி) 1 விநாடி, 10 நாள் ரன். நீர்மட்டமும் நீரோட்டமும் மெஷ் முழுக்க 60 விநாடிக்கு ஒருமுறை டெக்ஸ்ட் ஃபைலாக விழுகிறது.
16 கோரில் 4 மணி 10 நிமிடம். 32இல் 2 மணி 40. 64இல் 2 மணி 55! எல்லாம் ஒரே மெஷினில். இதில் 48 போட்டால் மட்டும் மூன்றாம் நாள் பாலத்தடியில் நீர்மட்டம் எகிறி கிராஷ். மெஷ்ஷைக் கோர்களுக்குப் பங்கு போடும் மெட்டிஸ் சரியாகப் பிரிக்கவில்லையா?

வாடைக்காற்று:
மெட்டிஸை விடுங்கள். லினக்ஸில் எல்எஸ்சிபியூ என்ற கமாண்ட் அடித்து, ஒரு கோருக்கு எத்தனை த்ரெட் (ஒரே கோர் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகள்) என்ற வரியைப் பாருங்கள். 2 என்றிருந்தால் உங்களிடம் இருப்பது 32 கோர்தான். இந்த மாதிரி புரோகிராம் கணக்குப் போடுவதைவிட மெமரியிலிருந்து எண் வரக் காத்திருக்கும் நேரமே அதிகம். ஒரே கோரில் இரண்டு த்ரெட் உட்கார்ந்தால் இரண்டும் அதே வாசலில் முட்டிக்கொள்ளும்.
அடுத்தது அவுட்புட். 10 நாளுக்கு 14,400 தடவை எழுதுகிறீர்கள். ஒரு தடவைக்கு இரண்டு ஃபைலும் சேர்ந்து சுமார் 7 எம்பி, மொத்தம் 100 ஜிபி. எல்லாக் கோரும் தன் பங்கை முதல் கோருக்கு அனுப்பிவிட்டு, அது எழுதி முடிக்கும்வரை சும்மா நிற்கும். கோரைக் கூட்டினாலும் இந்த நேரம் குறையாது. அதுவே மொத்தத்தில் 5 சதவீதம் என்றால்கூட 64 கோரில், ஒரே கோரில் ஓட்டுவதைவிட சுமார் 15 மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது.
மெஷ் முழுக்க எழுதுவதை 1800 ஸ்டெப்புக்கு ஒருமுறை வையுங்கள். பாம்பன், மண்டபம், தொண்டியை ஸ்டேஷனாகக் (தனியாகக் கவனிக்கும் இடம்) கொடுத்தால் 60 விநாடி நீர்மட்ட விவரம் ஃபோர்ட்.61 என்ற ஃபைலில் சில எம்பிக்குள் அடங்கும்.

தென்கடல்:
கிராஷ் வேறு கதை. 6 மீட்டர் ஆழத்தில் அலை வேகம் விநாடிக்கு 7.7 மீட்டர். பாலத்தடி நீரோட்டம் 2 மீட்டர் சேர்த்தால், 1 விநாடிக்கு 15 மீட்டர் எலிமெண்டில் குராண்ட் எண் (ஒரு ஸ்டெப்பில் அலை எலிமெண்டின் எத்தனை பங்கைக் கடக்கிறது என்பது) 0.64. 0.5ஐத் தாண்டினாலே நான் நம்பமாட்டேன். 16, 32, 64இல் ஓடியது உங்கள் அதிர்ஷ்டம். கோர் எண்ணிக்கை மாறினால் கூட்டல் வரிசை மாறும், கடைசி இலக்கம் மாறும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் எலிமெண்டைத் தள்ளிவிட அது போதும்.
டைம் ஸ்டெப்பை 0.5 ஆக்கலாம், ஆனால் ரன் நேரம் இரட்டிப்பாகும். ஒவ்வொரு தூணையும் மெஷ்ஷில் வெட்டத்தான் வேண்டுமா? எலிமெண்டை 30 மீட்டராக்கி, தூண்களின் தடையை ஃபோர்ட்.13 (நோடுகளின் தன்மைகளைத் தரும் ஃபைல்) வழியாகப் பாலத்தூண் உராய்வாகக் கொடுங்கள். குராண்ட் 0.32க்கு இறங்கும். ஆனால் 500 மீட்டர் அளவுக்குப் பெரிதாக்கிவிடாதீர்கள். 2 கிலோமீட்டர் அகலக் கடல்வாயில் நாலே எலிமெண்ட் நின்றால் வடகடலுக்கும் (பாக் விரிகுடா) தென்கடலுக்கும் (மன்னார் வளைகுடா) நடுவே தண்ணீர் போகிற அளவே தப்பாகிவிடும்.
புயலைப் போடுமுன் வெறும் ஓதம் (தினசரிக் கடல் ஏற்ற இறக்கம்) மட்டும் ஓட்டிப் பாருங்கள். இங்கே ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. 10 சென்டிமீட்டர் பிசகினாலும் அது சின்னப் பிழை இல்லை.

பாம்பன்வலை:
த்ரெட் 2 தான், அண்ணே. 32 கோரில் ஒரு நாள் மட்டும் ஓட்டினேன்: எழுதினால் 16 நிமிடம், நிறுத்தினால் 9. முழு மெஷ்ஷும் 10 நிமிட இடைவெளியில் கட்டாயம் வேண்டுமென்றால்?

வாடைக்காற்று:
எழுதுவதற்கென்றே கோர் ஒதுக்குங்கள். பேட்சர்க் (ஏடிசர்க்கைப் பல கோரில் ஓட்டும் வடிவம்) ஓட்டும்போது டபிள்யூ ஆப்ஷனில் 2 கொடுத்தால் கணக்குப் போடும் கோர்கள் எழுதி முடிக்கக் காத்திருக்காது. ஆனால் அந்த இரண்டும் மொத்த எண்ணிக்கையில் அடக்கம். உங்கள் மெஷினில் ரன்னைத் தொடங்கும் எம்பிஐரன்னுக்கு 32, மெஷ்ஷைத் துண்டு போடும் ஏடிசிபிரெப்புக்கு 30. பழைய 32 துண்டு ஃபோல்டர்களை அழித்துவிட்டு முதலிலிருந்து பிரியுங்கள். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.