மவுஸை 'எலி' என்று எழுதினால் என்ன குறை?

சொல்லேர்:
கணினி தொடக்கப் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'மவுஸ்' வரும் இடத்தில் எல்லாம் 'எலி' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர் ஒன்று விடாமல் 'சுட்டி' என்று மாற்றிவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆங்கிலத்தில் அது முதலில் விலங்கின் பெயர். சின்ன உடம்பு, பின்னால் வாலைப் போல ஒரு வயர். பார்த்தவர்கள் அப்படியே கூப்பிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் எலியின் பெயரான 'சூரி'யை வைத்தார்கள். ரஷ்யர்களுக்கு 'மிஷ்', துருக்கியருக்கு 'ஃபாரே', அரபியில் 'ஃபஃரா'. எல்லாம் அவரவர் எலிதான். நாம் மட்டும் ஏன் எலியை ஒதுக்க வேண்டும்? எலி வளையானாலும் தனி வளை வேண்டாமா?

கணினிக்காரன்:
உங்கள் நண்பர் செய்ததுதான் சரி. கருவிக்குப் பெயர் வைத்தால் அது என்ன செய்கிறது என்பது தெரிய வேண்டும். திரையில் ஓர் இடத்தைச் சுட்டுகிறது, அதனால் சுட்டி. முதல்முறை கணினி முன் உட்காருபவரிடம் "எலியை நகர்த்துங்கள்" என்றால் அவர் மேசைக்கு அடியில் பார்ப்பார்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் சின்ன எலியான 'மவுஸ்' வேறு, பெரிய எலியான 'ரேட்' வேறு. 'ரேட்' என்றால் அழுக்கு, நோய், கூட இருந்தே காட்டிக்கொடுப்பவன். 'மவுஸ்' என்றால் சின்னது, சத்தம் போடாதது, கூச்ச சுபாவம் உள்ளது. நம் 'எலி' இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறது. எலிக்காய்ச்சல், எலிப்பொறி, எலிமருந்து என்று நினைவில் வருவது எல்லாமே அந்தப் பக்கம்தான். ஆங்கிலக்காரர்கள் அந்தக் கருவிக்கு 'ரேட்' என்று பெயர் வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சொல்லேர்:
அந்த வாதம் சீன மொழியிடம் நிற்காது, நண்பரே. அவர்களுடைய 'ஷு' என்ற சொல்லும் பெரிய எலி, சின்ன எலி இரண்டுக்கும் பொது. சீனாவில் 'ஷுபியாவ்' என்கிறார்கள், தைவானில் 'ஹுவாஷு', அதாவது வழுக்கிச் செல்லும் எலி. யாரும் முகம் சுளிக்கவில்லை. அத்தனை தயக்கம் என்றால் நம்மிடம் 'சுண்டெலி' இருக்கிறது. 'மவுஸ்' என்பதற்கு அச்சாக அதே அளவு விலங்கு.

அகராதிப்பித்து:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கணினி வருவதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த எலி மனித உடம்புக்குள் ஓடத் தொடங்கிவிட்டது.

லத்தீனில் 'மூஸ்' என்றால் எலி, 'மூஸ்குலுஸ்' என்றால் குட்டி எலி. கையை மடக்கும்போது தோலுக்கு அடியில் தசை திரண்டு நகர்வது எலி ஓடுவதுபோல இருந்ததால் தசைக்கும் 'மூஸ்குலுஸ்' என்றே பெயராயிற்று. ஆங்கில 'மசில்' அதிலிருந்து வந்ததுதான். கிரேக்கத்திலும் 'மூஸ்' என்ற ஒரே சொல் எலியையும் தசையையும் குறித்தது. வீட்டுச் சுண்டெலிக்கு 1758இல் உயிரியலாளர் லின்னேயஸ் கொடுத்த அறிவியல் பெயர் 'மூஸ் மூஸ்குலுஸ்'. எலி, குட்டி எலி என்று இரண்டு தடவை!

ஆங்கில 'மவுஸ்' இன்னும் சில இடங்களுக்குள்ளும் புகுந்திருக்கிறது. குத்துச்சண்டையில் கண்ணுக்குக் கீழே புடைத்து நிற்கும் வீக்கம் ஒரு 'மவுஸ்'. கப்பல்காரர்கள் கொக்கியின் வாயைக் கயிற்றால் கட்டி, மாட்டியது நழுவாமல் செய்வதை 'மவுஸிங்' என்பார்கள். எலி பிடிப்பதில் கெட்டிக்காரப் பூனை 'மவுஸர்'.

நமக்கும் இந்தக் குடும்பத்தோடு உறவு உண்டு. பிள்ளையாரின் மூஷிக வாகனத்தில் இருக்கும் 'மூஷிகம்' வடமொழி வழியாக வந்தது. அதுவும் ஆங்கில 'மவுஸ்' என்பதும் ஒரே மூலத்தில் பிறந்த சொற்கள்.

கணினிக்காரன்:
அருமையான தகவல். ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. 'மசில்' என்று சொல்லும்போது இன்று யார் மனத்தில் எலி ஓடுகிறது? உவமை தேய்ந்துவிட்டது, சொல் மட்டும் மிச்சம்.

கணினி 'மவுஸ்' என்பதும் அதே வழியில் போகிறது. விலங்கு என்றால் பன்மை 'மைஸ்', அதில் எவருக்கும் சந்தேகம் கிடையாது. கருவி என்று வந்தால் 'மைஸ்' என்பதா 'மவுஸஸ்' என்பதா என்று ஆங்கிலக்காரர்களே தயங்குகிறார்கள். அகராதிகளும் இரண்டையும் ஏற்கின்றன. விலங்கிலிருந்து அந்தச் சொல் கழன்று வருவதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? பலவற்றில் இப்போது வாலும் இல்லை, வயர் போய்விட்டது. அவர்களே மறந்துகொண்டிருக்கும் எலியை நாம் ஏன் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும்?

சொல்லேர்:
மறந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறப்பதற்கு முன் அந்த எலி செய்த வேலையைப் பாருங்கள்.

1964இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனையை வைத்து பில் இங்கிலிஷ் முதல் கருவியைச் செய்தார். மரப்பெட்டி, அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். 1970இல் கிடைத்த காப்புரிமையில் அதன் பெயர் 'எக்ஸ்-ஒய் இடங்காட்டி' என்ற பொருளில் இருக்கிறது. நீங்கள் கேட்கிற மாதிரியே, வேலையைச் சொல்லும் பெயர். யார் வாயில் நின்றது? ஆய்வகத்தில் பேச்சுவாக்கில் வந்த 'மவுஸ்' தான் உலகம் சுற்றியது. அதை முதலில் சொன்னது யார் என்று எங்கல்பார்ட்டுக்கே நினைவில்லை.

ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனம் 1968இல் தானாகவே இதே போன்ற ஒரு கருவியைக் கொண்டுவந்தது. அதற்கு 'ரோல்கூகல்', உருளும் பந்து, என்று பெயர். அதுவும் வேலையைச் சொல்லும் பெயர்தான். இன்று எந்த ஜெர்மன்காரரும் அப்படிச் சொல்வதில்லை, 'மவுஸ்' என்றே சொல்கிறார். அவர்கள் மொழியில் எலிக்கும் அதுதான் பெயர்.

வாசுகி டீச்சர்:
இருவரும் பேசுவதைப் படித்துக்கொண்டே வந்தேன். பெரியவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை.

'சுட்டி' தெளிவான சொல் என்று கணினிக்காரன் தம்பி சொல்கிறார். என் வகுப்பில் அது தெளிவாக இல்லை. நெற்றிச்சுட்டி இருக்கிறது, சுட்டிப் பிள்ளை இருக்கிறது. இணையத்தில் எழுதுகிறவர்கள் இணைப்பு முகவரியையும் 'சுட்டி' என்கிறார்கள். "சுட்டியால் சுட்டியைச் சொடுக்குங்கள்" என்று பாடத்தில் அச்சாகியிருந்ததை நானே வாசித்துக்காட்டி விழித்திருக்கிறேன். 'மவுஸ்' ஆங்கிலத்தில் எத்தனை வேலை பார்க்கிறதோ, 'சுட்டி' தமிழில் அத்தனை பார்க்கிறது.

சொல்லேர் தம்பிக்கும் ஒன்று. "எலி" என்றால் என் மாணவர்கள் சிரிப்பார்கள், "மவுஸ்" என்றால் கை தானாக அதன்மேல் போகும். அமெரிக்க ஆய்வகப் பேச்சில் பிறந்த பெயர் நின்றது என்று நீங்கள்தான் எழுதினீர்கள். நம் பேச்சில் நின்றது 'மவுஸ்'. உங்கள் வாதத்தை நீங்களே பின்பற்றினால் அங்குதான் வந்து சேர்வீர்கள்.

அகராதிப்பித்து:
டீச்சர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விலங்கின் பெயரை எடுத்து வேறு பொருளுக்குத் தருவது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. 'ஊழல் பெருச்சாளி' என்று ஒருவரைச் சொன்னால் வேறு விளக்கமே தேவையில்லை. இருட்டில் வளை தோண்டி, தானியத்தைத் தின்று கொழுக்கும் அந்தப் பிராணியைப் பார்த்துப் பழகியவர்கள் உண்டாக்கிய சொல்லாட்சி அது. பெருச்சாளிக்கு ஆங்கிலத்தில் 'பாண்டிகூட்'. தெலுங்கின் 'பந்திகொக்கு', அதாவது பன்றி எலி, என்பதிலிருந்து எடுத்த சொல். விலங்கின் பெயர் ஆங்கிலத்துக்குப் போயிற்று, நாம் அதில் ஏற்றிய பொருள் போகவில்லை. பொருளை ஒவ்வொரு மொழியும் தானே பார்த்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது.

சொல்லேர்:
இது என்னை அசைத்துவிட்டது. நான் எலியை மொழிபெயர்த்தால் அவர்கள் கண்ட உவமையும் கூடவே வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். தமிழ் பேசுகிற யாரும் அந்த மரப்பெட்டியைப் பார்த்து "அட, எலி!" என்று சொல்லவில்லை. நம்மிடம் அது வந்தபோதே பெயரோடு வந்துவிட்டது.

பாடத்தில் 'மவுஸ்' என்றே எழுதுகிறேன். ஆனால் முதல் பக்கத்தில் வாலோடு ஒரு சுண்டெலிப் படம் போட்டு, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நான்கு வரி எழுதத்தான் போகிறேன். அதை நண்பர் வெட்டினால் சண்டை போடுவேன்.

கணினிக்காரன்:
படம் இருக்கட்டும், நல்லது. 'சுட்டி'யை நான் கைவிடவில்லை, என் எழுத்தில் தொடர்வேன். இணைப்பு முகவரிக்கு அதைப் பயன்படுத்துவதை மட்டும் இன்றோடு நிறுத்துகிறேன். டீச்சர் சொன்ன அந்த வாக்கியம் நான் எழுதிய பாடத்திலும் இருக்கிறது. இப்போதுதான் தேடிப் பார்த்தேன், மூன்று இடத்தில்.

வாசுகி டீச்சர்:
அங்கே 'இணைப்பு' என்று போட்டுவிடுங்கள், தம்பி. அடுத்த வாரம் வகுப்புக்கு அதைத்தான் எடுத்துப்போகிறேன்.