புதுப்பிப்பு: ஈசிங் கெண்டியா, கைவானா?
ஊலாங் டீக்கு ஈசிங் மண் கெண்டி வாங்கலாமா, மூடியுள்ள பீங்கான் கிண்ணமான கைவானே போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இரண்டையும் வாங்கிவிட்டேன், திட்டாதீர்கள். சீனாவின் ஜியாங்சு மாகாணத்து ஈசிங் கெண்டிக்கு உள்ளே மெருகு பூச்சு கிடையாது, நுண்துளைகளில் டீயின் வாசம் ஏறிவிடும், ஒரு கெண்டிக்கு ஒரே வகை டீதான் என்று நீங்கள் சொல்லியும் கேட்காமல் முதல் வாரமே அதில் மல்லிகை டீ போட்டேன்; இன்னும் ஊலாங்கில் மல்லிகை மணக்கிறது. மற்றபடி கெண்டி அருமை. மூடியின் துளையை விரலால் அடைத்தால் மூக்கிலிருந்து விழும் தண்ணீர் சட்டென்று நிற்கிறது, மூடி அவ்வளவு கச்சிதம். கைவானில் எந்த டீயும் போடலாம், ஆனால் விளிம்பு விரலைச் சுட்டுவிடும். அப்புறம் கோப்பைகள்: 40 மில்லி, நிறம் தெரிய உட்புறம் வெள்ளை. அம்மா பார்த்துவிட்டு, "குழந்தைக்கு மருந்து புகட்டவா?" என்றார்.