புளூவாக்கர் 3 சாட்டிலைட்டைக் கண்ணால் பிடித்தவர்கள் உண்டா? – அனுபவப் பகிர்வு

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல்காடு. பொழுது சாய்ந்தால் ரோட்டைத் தாண்டி விளக்கு கிடையாது, வானம் பார்க்க அருமையான இடம்.

நான் துரத்தியது புளூவாக்கர் 3. ஏஎஸ்டி ஸ்பேஸ்மொபைல் என்ற அமெரிக்கக் கம்பெனியுடையது. டவரே இல்லாத இடத்திலும் சாதாரண செல்போனுக்கு மேலிருந்து சிக்னல் கொடுக்க முடியுமா என்று சோதிக்க 2022 செப்டம்பரில் அனுப்பினார்கள். நவம்பரில் ஆன்டெனாவை விரித்தார்கள். 64 சதுர மீட்டர், நம்ம கணக்கில் ஒன்றரை சென்ட்டுக்கு மேலே! விரித்த கையோடு அதன் வெளிச்சம் இரண்டு மேக்னிட்யூட் எகிறியது (வானத்து வெளிச்சத்தின் அளவு இது, எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்).

இந்த மாதிரி சாட்டிலைட் ராத்திரி பூரா தெரியாது. கீழே நமக்கு இருட்டியிருக்க வேண்டும், மேலே அதன்மேல் இன்னும் வெயில் அடிக்க வேண்டும். நம்ம ஊரில் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், இல்லையென்றால் விடிவதற்கு முன்னால் அதே அளவு நேரம். அவ்வளவுதான்.

சாட்டிலைட் எப்போது வரும் என்று ஆப் காட்டும் நேரத்தை அப்படியே நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். அந்த நேரம் டிஎல்இ என்ற இரண்டு வரி எண்களிலிருந்து வருகிறது. வரிக்கு 69 எழுத்து. பாதையின் சாய்மானம் (நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது), ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, காற்று எவ்வளவு இழுக்கிறது எல்லாம் அதற்குள் அடக்கம். அது சுற்றுகிற 500 கிலோமீட்டர் உயரத்தில் ஏது காற்று என்று கேட்பீர்கள். இருக்கிறது, மிக மெலிசாக. சூரியன் சீறினால் அது உப்பும், இழுவை கூடும். 2023-ல் சூரியன் அப்படித்தான் இருந்தது. அதனால் நாள்பட்ட டிஎல்இ-யை வைத்துக் கணக்குப் போட்டால், டவுன் பஸ் மாதிரி ரூட் மாறாது, நேரம் மட்டும் முன்னே பின்னே ஆகும்.

எனவே அது போகிற வழியில் தெரிந்த நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் என் வழக்கம். அந்த ஏப்ரல் மாலையில் அது வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் போக வேண்டும், வழியில் புனர்பூசம். ஸ்டாண்டில் மாட்டிய 7x50 பைனாகுலரை அந்த இரட்டை நட்சத்திரத்தில் நிறுத்திவிட்டு, சொன்ன நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே கண்ணை வைத்துவிட்டேன். உச்சிக்கு அருகில் போகும்போது விநாடிக்குக் கிட்டத்தட்ட ஒரு பாகை ஓடும். பைனாகுலரில் தெரிவது மொத்தமே ஏழு பாகை. அசந்தால் போச்சு.

வந்தது பாருங்கள்! வெறும் கண்ணுக்கே திருவாதிரைக்குச் சமமாக இருந்தது. மின்னவில்லை, சத்தமில்லை, ஒரே சீராக நழுவியது. நான் பைனாகுலரை விட்டுவிட்டுக் கண்ணாலேயே பின்தொடர்ந்தேன். தென்கிழக்கே இறங்கும்போது மறுபடி பைனாகுலர். பூமியின் நிழலில் நுழையும்போது வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் செம்பு நிறமாகி, சில விநாடியில் காணோம். அந்தச் செம்பு நிறம் வெறும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

பார்க்க சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய தொலைநோக்கி வைத்திருக்கிறவர்கள் பாவம், இந்த வெளிச்சம் அவர்கள் வேலையைக் கெடுக்கும். சர்வதேச வானியல் ஒன்றியம் 2022 நவம்பரிலேயே கவலை தெரிவித்தது. அதிகபட்ச வெளிச்சம் 0.4 மேக்னிட்யூட் என்று 2023-ல் நேச்சர் இதழில் ஆய்வே வந்தது. இதைவிடப் பெரியது டஜன் கணக்கில் போனால் என்ன ஆகும்?

* * *

லண்டனிலிருந்து எழுதுகிறேன். அண்ணா சொன்ன ஒன்றரை மணி நேரக் கணக்கு இங்கே செல்லாது. தலைக்கு மேலே 500 கிலோமீட்டரில் இருப்பது நிழலுக்குள் போக, சூரியன் அடிவானத்துக்குக் கீழே 22 பாகை இறங்க வேண்டும். ஜூனில் இங்கே நடுநிசியில்கூட 15 பாகைதான் இறங்கும். ஆக ராத்திரி பூரா சாட்டிலைட்தான், தூக்கம்தான் கெடும்.

இன்னொன்று, புளூவாக்கரின் சாய்மானம் 53 பாகை, லண்டன் இருப்பது 51.5 பாகை வட அட்சரேகையில். பாதை வடக்கே போய்த் திரும்புகிற வளைவு எங்கள் தலைக்கு மேலேயே வருகிறது. உங்களுக்குக் குறுக்காக வெட்டிக்கொண்டு போவது, எங்களுக்கு மேற்கிலிருந்து கிழக்கே படுத்தாற்போல் போகும். 95 நிமிஷம் கழித்து அடுத்த சுற்றிலும் எட்டிப் பார்க்கும். தொல்லை என்னவென்றால் ஸ்டார்லிங்க் இன்டர்நெட் சாட்டிலைட் கூட்டத்திலும் பெரும்பகுதி அதே 53 பாகைதான். ஆப்பில் புளூவாக்கரின் கேட்டலாக் எண் 53807 என்று போட்டுத் தேடுங்கள், பெயரைப் போட்டால் குழப்பம்.

* * *

திருவொற்றியூர். இதே கம்பெனியின் புளூபேர்ட் பிளாக்-2 சாட்டிலைட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் போனது, 2025 டிசம்பர் 24 காலை. மொட்டை மாடியிலிருந்து புகைக்கோடு பார்த்தோம். 6,100 கிலோ, இந்திய மண்ணிலிருந்து இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட் தூக்கியதிலேயே கனமானது. ஆன்டெனா 223 சதுர மீட்டர், அதாவது சரியாக ஒரு கிரவுண்டு! சென்னையில் அந்த இடம் வாங்க முடியாதவன் வானத்தில் பார்த்தாவது ஆறுதல் அடையலாம் என்றால், சாயங்காலம் ஆனால் மேகம் மூடிக்கொள்கிறது. வேறு வழி உண்டா?

* * *

மேகமா? காதால் பிடியுங்கள் தம்பி. நான் மதுரையில் ரேடியோ நோண்டுகிற ஆள். புளூபேர்டை அப்படிப் பிடிப்பது நம்ம சாமானுக்கு ஆகாது, ஆர்ப்காமில் பழகுங்கள். லாரி, கன்டெய்னர், கப்பல் பற்றிய குட்டிச் செய்திகளைச் சுமக்கிற வணிக சாட்டிலைட்டுகள் அவை. 2015 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் பூஸ்டர் முதன்முதலாகத் தரையில் இறங்கியதே, அன்றைக்கு மேலே போனது இவற்றில் 11.

தேவை ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (லேப்டாப்பில் செருகுகிற குட்டி ரேடியோ ரிசீவர்), ஆன்டெனாவுக்குத் தலா 53 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு அலுமினியக் கம்பி. 120 பாகை விரித்துக் கிடைமட்டமாகக் கட்டுங்கள். 137 மெகாஹெர்ட்ஸில் லேப்டாப் திரையைப் பார்த்தால், வெறும் இரைச்சலுக்கு நடுவே ஒரு கோடு முளைக்கும். நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் மேலே இருக்கும், தாண்டிப் போகும்போது அதே அளவு கீழே. நடுவில் கோடு சடாரென்று சாயும். மிக அதிகமாகச் சாய்கிற அந்த விநாடிதான் அது உங்களுக்கு மிக அருகில் வந்த நேரம். அதைக் கோவில்பட்டி அண்ணன் சொன்ன டிஎல்இ நேரத்தோடு ஒப்பிட்டால், உங்கள் கையிலிருக்கும் எண்கள் எவ்வளவு பழசு என்று தெரிந்துவிடும். முதலில் லேப்டாப் கடிகாரத்தை இன்டர்நெட் நேரத்தோடு ஒத்துப்போகச் செய்துவிட்டு உட்காருங்கள். கம்பியை மாடித் தண்ணீர்த் தொட்டி மோட்டாரிலிருந்து தள்ளிக் கட்டுங்கள், அது ஓடினால் திரை முழுக்க இரைச்சல்தான்.