எபிரேய 'அயின்' பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் உதவுங்க

எல்லாருக்கும் வணக்கம். பழைய ஏற்பாட்டை எபிரேய அகராதி வச்சு மெதுவா படிச்சிட்டு வரேன், 'அயின்'ங்கிற வார்த்தையில நல்லா மாட்டிக்கிட்டேன். கண்ணுன்னு நினைச்சு போனா ஆதியாகமம் 16:7ல சாராயோட அடிமைப்பெண் ஆகார் இருந்த நீரூற்றுக்கும் அதே வார்த்தைதான், என்கேதிங்கிற ஊர்ப்பேர்ல வர்ற 'என்' கூட அதான். நம்ம ஊர்லயும் ஊற்றுக்கண்ணுன்னு சொல்றோமே, அதனால இது எனக்கு ஈஸியா புரிஞ்சிடுச்சு.

ஆனா அதோட நிக்கல. யாத்திராகமம் 10:5ல வெட்டுக்கிளி மூடினது பூமியோட 'கண்ணை', அதாவது தரையை. எண்ணாகமம் 11:7ல மன்னாவோட (வனாந்தரத்துல இஸ்ரவேலருக்கு கிடைச்ச உணவு) நிறத்துக்கும் இதே வார்த்தை, நீதிமொழிகள் 23:31ல கிண்ணத்துல மது பளபளக்கிறதுக்கும் இதேதான். 22:9ல கருணைக்கண்ணன், 28:22ல வன்கண்ணன்னு நம்ம பைபிள்ல வருது பாருங்க, அங்க கண்ணுன்னா தாராளம், கஞ்சத்தனம். மொழிபெயர்த்தவங்க அந்தக் கண்ணை விடாம புடிச்சிருக்காங்க, செம!

என் சந்தேகம் சகரியா 3:9. ஒரே கல்லு மேல ஏழு கண். சிலர் இதை ஏழு ஊற்றுன்னு படிக்கிறாங்க, ஆனா ஊற்றுக்குப் பன்மை 'அயனோத்' தானே, இங்க இருக்கிறது 'ஏனயிம்', ரெண்டு கண்ணுக்கு வர்ற இருமை வடிவம். ஏழுக்கு ஏன் இருமை வருது? இந்த வடிவத்தை வச்சே ஊற்று இல்லைன்னு சொல்லிடலாமா? எபிரேய இலக்கணம் படிச்சவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ், தமிழ்ல விளக்கம் இருந்தா இன்னும் நல்லது.