60 × 45 செ.மீ. பலகையில் ஊட்டி ரயில்: 6.5 மி.மீ. தண்டவாளத்தைக் கையால் போட முடியுமா?

கல்லாறு_கார்டு:

வணக்கம். நீலகிரி மலை ரயிலின் ஹில்குரோவ் ஸ்டேஷன் சாயலில் ஒரு குட்டி லேஅவுட் (ஓடும் மாதிரி ரயில் அமைப்பு) போடத் திட்டம். இருக்கும் இடம் 60 × 45 செ.மீ. பிளைவுட் மட்டுமே, அலமாரித் தட்டில் உட்கார வேண்டும். அசல் மீட்டர் கேஜ் என்பதால் 1:160 அளவுக்கு இசட் கேஜ் தண்டவாளம், அதாவது 6.5 மி.மீ., பொருந்தும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சுற்றி வர ஒரு பாதை, ஸ்டேஷனில் ஒரு லூப் (பிரிந்து மறுபடி சேரும் இரண்டாம் பாதை), நடுவில் ரேக் பட்டை (இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பல்பட்டை), கொஞ்சம் ஏற்றம். எக்ஸ் கிளாஸ் இன்ஜின் (அந்தப் பாதையின் நீராவி இன்ஜின்) பின்னாலிருந்து தள்ள வேண்டும். ரெடிமேட் டிராக்கில் ஸ்லீப்பர்கள் (குறுக்குக் கட்டைகள்) நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால் கையால் போட ஆசை. சால்டரிங் ஓரளவு வரும். இதில் எதெல்லாம் நடக்கும், எது நடக்காது?

ஏழாவது_கிலோமீட்டர்:

கேஜ் கணக்கு சரி. 1000-ஐ 160-ஆல் வகுத்தால் 6.25 மி.மீ.; நீங்கள் போடுவது 6.5. கால் மில்லிமீட்டர் அகலம் யார் கண்ணுக்கும் தெரியாது. பிராட் கேஜ்காரர்கள் பாடுதான் திண்டாட்டம்: 1676-க்கு 10.5 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 9-ஐ வைத்து ஒப்பேற்றுகிறார்கள்.

வளைவுக்கு 195 மி.மீ. ஆரம் வையுங்கள். விட்டம் 390, இருபுறமும் 30 விட்டால் பலகை அகலம் 450 சரியாகத் தீர்ந்துவிடும். 145 ஆரத்திலும் இசட் வண்டிகள் ஓடும், ஆனால் உங்கள் பெட்டிகள் 1:160, இசட் வண்டிகளைவிடப் பெரியவை. போகி (பெட்டிக்கு அடியிலுள்ள சக்கரத் தொகுதி) மையங்களுக்கு நடுவே 86 மி.மீ. உள்ள, 122 மி.மீ. நீளப் பெட்டி 195 ஆர வளைவில் உள்பக்கம் 4.7, முனைகளில் வெளிப்பக்கம் 4.8 மி.மீ. பிதுங்கும். பெட்டியின் பாதி அகலம் எட்டரை. ஆகவே குகை வாயிலைத் தண்டவாள மையத்திலிருந்து இருபுறமும் 15 மி.மீ.க்குக் குறைத்து வெட்டாதீர்கள். அசல் பாதையின் கூர்மையான வளைவுகளே நூறு மீட்டர் அளவு ஆரம் உள்ளவை. அது 1:160-ல் 60 செ.மீ.க்கு மேல் ஆகிவிடும். எனவே பின்பக்க வளைவுகளை மலைக்குள் ஒளித்துவிடுவதுதான் மரியாதை.

லூப் வராது. 600-ல் 450 போனால் நேர்பாதைக்கு மிஞ்சுவது 150 மி.மீ. ஒரு இசட் பாயிண்டே (பாதை பிரியும் இடம்) 11 செ.மீ. பிடிக்கும். ஒரே பாயிண்ட், ஒரு சைடிங் (முட்டி நிற்கும் பக்கப்பாதை), அதோடு நிறுத்துங்கள்.

ஏற்றமும் வேண்டாம். அசலில் 12.5-க்கு 1 ஏறுவது பல்சக்கரத்தின் தயவில். வெறும் உராய்வில் ஓடும் குட்டி இன்ஜினுக்கு 50-க்கு 1 என்பதே பெரிது. உங்கள் முழுச் சுற்று 1525 மி.மீ.தான். ஏறி இறங்கித் திரும்பி வர வேண்டும் என்றால் 15 மி.மீ. உயரம்கூடக் கிடைக்காது. பாதையைச் சமதளமாக வைத்துவிட்டு நிலத்தைச் சரியுங்கள். பிளைவுட் மேல் 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஃபோம் (கெட்டியான நுரைப்பலகை) ஒட்டி, பாதைக்கு முன்னால் ஓடைப் பள்ளமாகக் குடைந்து, பின்னால் பாறையைச் சாய்வாக வைத்தால் வண்டி ஏறுவதாகக் கண் நம்பும்.

தள்ளும் இன்ஜின் விஷயத்தில் எல்லோரும் சறுக்குவார்கள். எடையில்லாத பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளினால் இந்த ஆரத்தில் கப்ளர் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) பக்கவாட்டில் உந்தி, முதல் பெட்டியின் சக்கரம் வெளித் தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும். இன்ஜினைப் பொம்மையாக விடுங்கள். ரோகுஹான் ஷார்ட்டி மோட்டார் சேசிஸை (மோட்டாரும் சக்கரமும் உள்ள இசட் கேஜ் அடிச்சட்டம்) முன்பெட்டிக்குள் வையுங்கள். பார்வைக்கு இன்ஜின் தள்ளும். உண்மையில் பெட்டி இழுக்கும்.

செம்புத்தகடு:

டிராக் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கோட் 40 நிக்கல் சில்வர் ரெயில் வாங்குங்க; உயரம் ஒரு மில்லிமீட்டர். 914 மி.மீ. நீளத்தில் நாலு போதும், பாயிண்ட்டுக்கு ஒன்று கூடுதல். ஸ்லீப்பருக்கு ஒருபக்கச் செம்புள்ள 0.8 மி.மீ. எஃப்ஆர்4 பிசிபி போர்டு (மின்சுற்றுக்கான கண்ணாடியிழைத் தகடு). சென்னை ரிச்சி தெருவில் 1.6 சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அந்தக் கனத்தில் பாலஸ்ட் (ஜல்லி) மலைபோல் கொட்ட வேண்டியிருக்கும். அசல் ஸ்லீப்பர் ஆறடி. உங்கள் அளவில் 11.4 மி.மீ. நீளம், 1.3 அகலம், மையத்துக்கு மையம் 4.5. சுற்றுக்கு 340 ஸ்லீப்பர் வரும். எல்லாவற்றையும் பிசிபியில் வெட்டினால் விரல் போய்விடும். ஐந்துக்கு ஒன்று பிசிபி, அதாவது 68, மீதி அதே கனத்தில் அட்டை. கண்ணாடியிழைத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டு வெட்டுங்க, மாஸ்க் போடுங்க.

ஒவ்வொரு பிசிபி ஸ்லீப்பரிலும் நடுவே முக்கோண அரத்தால் செம்பை முழுக்கத் தேயுங்க. ஒட்டும் முன் மல்டிமீட்டரில் ஒவ்வொன்றையும் ‘பீப்’ பாருங்க. 68-ல் ஒன்றில் மயிரிழைச் செம்பு மிஞ்சினாலும் மொத்தப் பாதையும் ஷார்ட், அதைப் பிறகு தேடுவது நரகம்.

ரெயிலை ஒட்டும் முன்பே வளைக்கணும், அதுவும் 195-ஐவிடச் சற்று இறுக்கமாக, 180 அளவுக்கு. நேர் ரெயிலை சால்டர் பிடித்து வைத்திருக்கும் என்று நம்பினால் இணைப்புகளில் மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும், வண்டி தடம் புரள்வது பெரும்பாலும் அங்கேதான். இணைப்பை வளைவில் வைக்காதீங்க. வைத்தே ஆகணும் என்றால் இரு ரெயில்களின் இணைப்பும் எதிரெதிரே வராமல் தள்ளி வையுங்க.

முதலில் வெளி ரெயில் முழுவதும். பிறகு கேஜ் (இரு ரெயிலுக்கும் நடுவே இடைவெளி பிடிக்கும் கருவி) வைத்து உள் ரெயில். முழுவட்டத்துக்கு உள் ரெயில் 41 மி.மீ. குறையும், அதை மனதில் வைத்து வெட்டுங்க. கேஜை ஸ்லீப்பருக்கு ஸ்லீப்பர் நகர்த்தி, வளைவில் மட்டும் 0.1 தளர்த்துங்க.

ரேக் பட்டை அசலில் தண்டவாள மட்டத்துக்கு மேலே நிற்கும். மாடலில் அப்படி வைத்தால் கியர் மூடியும் கப்ளரும் இடிக்கும். இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில், ரெயில் மட்டத்துக்குக் கீழே ஒட்டி, துருநிறம் அடியுங்க. உலோகம் வேண்டாம். பாயிண்ட்டுக்குள் ரேக்கைக் கொண்டுபோக வேண்டாம்.

கல்லாறு_கார்டு:

பயன்பட்டது, நன்றி. ஒரு சந்தேகம்: சோதனைத் துண்டில் சால்டர் வைத்ததும் செம்பே உரிந்து ரெயிலோடு வருகிறது. சூடு அதிகமா? கன்ட்ரோலருக்கு என்ன போடலாம்?

செம்புத்தகடு:

போர்டு பழுப்பு நிறமா? அப்படியானால் அது பேப்பர் ஃபீனாலிக், எஃப்ஆர்4 இல்லை. அதன் பசை சூடு தாங்காது. சரியான போர்டிலும் உரிந்தால், சூட்டின் அளவைவிட நேரம்தான் காரணம். 330 டிகிரி, ஒரு மில்லிமீட்டர் உளி முனை, 0.5 மி.மீ. 60/40 ஈயம். ஸ்லீப்பரில் முதலில் மெல்லிய ஈயப்பூச்சு, ரெயிலின் அடியில் ஃப்ளக்ஸ், பிறகு வெளிப்பக்கம் முனையைத் தொட்டு இரண்டு விநாடிக்குள் எடுத்துவிடுங்க. உள்பக்கம் ஈயக்குமிழ் நின்றால் ஃபிளாஞ்ச் (சக்கரத்தின் உள்விளிம்பு) அதன் மேல் ஏறிக் குதிக்கும்.

பத்து_வோல்ட்:

கன்ட்ரோலருக்கு: பன்னிரண்டு வோல்ட் அடாப்டர், எல்எம்317 (வோல்டேஜை மாற்றித் தரும் ஐசி), 240 ஓம் ரெசிஸ்டர், 1.5 கே பொட்டென்ஷியோமீட்டர். உச்சம் 9 வோல்ட் அளவில் நிற்கும், இசட் மோட்டாருக்கு அதுவே தாராளம். குறைந்தபட்சம் 1.25 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். வெளியீட்டில் இரண்டு 1என்4007 டயோடுகளைத் தொடராகப் போட்டால் அது விழுங்கிவிடும். திசை மாற்ற, நடுவில் ஆஃப் உள்ள டிபிடிடி ஸ்விட்ச் (இரு கம்பிகளையும் ஒருசேர மாற்றுவது). அரை ஆம்பியர் பாலிஃப்யூஸ் (தானே மீளும் ஃப்யூஸ்) கட்டாயம். ஐசிக்குச் சின்ன ஹீட்சிங்க்.

ஒவ்வொரு ரெயில் துண்டுக்கும் தனி வயர் இறக்குங்கள். இந்த அளவில் வண்டிக்கு எடை கிடையாது. ஒரு தூசித் துகளே போதும், நின்றுவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், கீறலில் அழுக்கு குடியேறும். ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித்துணி. பாயிண்ட் ஃப்ராக்கின் (இரு பாதைகளின் ரெயில்கள் குறுக்கிடும் இடம்) இருபுறமும் ரெயிலை வெட்டி, ஃப்ராக் மின்சாரத்தை மைக்ரோஸ்விட்ச் வழியே மாற்றுங்கள். செத்த ஃப்ராக்கில் குட்டை சேசிஸ் தாண்டாது.

பாம்பன்_கர்டர்:

இடம் இவ்வளவு குறைவு என்றால் டி கேஜ் பார்க்கலாமே? 1:450, தண்டவாளம் 3 மி.மீ. பழைய பாம்பன் பாலத்தின் 40 அடி கர்டர் ஒன்று 27 மி.மீ.தான் வரும்.

ஏழாவது_கிலோமீட்டர்:

அதில் கையால் டிராக் போடுவது நடைமுறையில் இல்லை. தவிர, மீட்டர் கேஜ் 1:450-ல் 2.2 மி.மீ., 3 மி.மீ.க்கு அசிங்கமாக அகலும். பாம்பன் முழுப்பாலமும் அந்த அளவிலேயே நாலரை மீட்டருக்கு மேல் நீளும், அதை எந்த அலமாரியில் வைப்பீர்கள்?

கார்டு, ஒன்று விட்டுப்போச்சு: பிளைவுட்டின் இரு பக்கமும், நாலு ஓரமும் வுட் பிரைமர் அடித்த பிறகே ஃபோம் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மழைக்காலத்தில் பலகை வில்லாக வளையும். ஃபோமுக்கு ஃபெவிகால் போதும், கரைப்பான் உள்ள பசை அதைத் தின்றுவிடும். வெப்பத்தில் ரெயில் நீள இடம் வேண்டும் என்பதால், சுற்றில் இரண்டு இடத்தில் ரெயிலுக்கு 0.4 மி.மீ. இடைவெளி விட்டு, அங்கே சால்டர் செய்யாமல் விடுங்கள்.