பாட்டிக்கு வெளிவட்டம் இல்லையா? (ஆவி, ஆத்துமா, சரீரம்: ஒரு ஞாயிறு பள்ளிச் சந்தேகம்)

சாக்பீஸ் டீச்சர் கேட்டது:

ஞாயிறு பள்ளியில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கிறேன். போன வாரம் 1 தெசலோனிக்கேயர் 5:23, ஆவி, ஆத்துமா, சரீரம் என்று பவுல் மூன்றையும் சொல்கிற வசனம். எனக்குச் சின்ன வயதில் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படியே கரும்பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் போட்டேன். வெளியே சரீரம், நடுவில் ஆத்துமா, உள்ளே ஆவி. சரீரத்தால் உலகத்தை அறிகிறோம், ஆத்துமாவால் நம்மையே அறிகிறோம், ஆவியால் தேவனை அறிகிறோம். பிள்ளைகளும் நோட்டில் வரைந்து கலர் அடித்தார்கள்.

ஒருத்தி மட்டும் வரையவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அவள் பாட்டி இறந்துபோனார். எழுந்து வந்து என் கையிலிருந்த டஸ்டரை வாங்கி, வெளிவட்டத்தை மட்டும் சுற்றிச் சுற்றி அழித்தாள். "பாட்டிக்கு இப்போ இது இல்ல, அப்படித்தானே டீச்சர்?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்போ பாட்டியோட கை?"

அந்தப் பாட்டிக்கு வலது கை ஆள்காட்டி விரல் கோணலாக இருக்கும். அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் இவள் தூங்குவாளாம். எனக்குப் பதிலே வரவில்லை. நல்லவேளை, மணி அடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து வேதாகமத்தைப் புரட்டினால் குழப்பம் கூடிப்போனது. சாகும்போது போவது எது? பிரசங்கி 12:7 ஆவி என்கிறது. மத்தேயு 10:28 ஆத்துமாவைப் பற்றிப் பேசுகிறது. மனுஷன் மூன்று பாகமா, இரண்டா? பிள்ளையிடம் சொல்கிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

பெரோயாக்காரன்:

சகோதரி, நீங்கள் போட்ட வட்டத்தில் தப்பே இல்லை. மூன்றுதான். "உங்கள் ஆவி ஆத்துமா சரீரம் முழுவதும்" என்று பவுல் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார். எபிரெயர் 4:12இல் வார்த்தையானது ஆத்துமாவையும் ஆவியையும் பிரிக்கிறது என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றென்றால் பிரிக்க என்ன இருக்கிறது? இரண்டாம் நூற்றாண்டில் சபைத் தலைவர் ஐரேனியஸும் மூன்றாகத்தான் பேசினார். 1521இல் மரியாளின் பாடலுக்கு விளக்கம் எழுதிய சீர்திருத்தவாதி லூத்தர், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தொழுத ஆசரிப்புக் கூடாரத்தை உவமையாக எடுத்துக்கொண்டார். மகா பரிசுத்த ஸ்தலம் ஆவி, அங்கே விளக்கு கிடையாது, தேவன் மட்டும் இருட்டில் வாசம்பண்ணுகிறார், அது விசுவாசத்தின் இடம். ஏழு அகல் விளக்கு எரிகிற பரிசுத்த ஸ்தலம் ஆத்துமா. பிராகாரம் சரீரம். பிள்ளைகளுக்கு வட்டத்தைவிட இந்தக் கூடாரம் நன்றாகப் பதியும்.

ஓய்வில் இருக்கும் போதகர்:

அம்மா, பல வருஷம் நானும் அந்த மூன்று வட்டத்தைப் போட்டவன்தான். நிறுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

தம்பி காட்டிய கூடார உவமை அருமையானது. ஆனால் லூத்தர் அங்கேயே இன்னொன்றும் சொல்கிறார்: ஆத்துமாவும் ஆவியும் இயல்பில் ஒன்றுதான், வேலைதான் வேறு. எபிரெயர் 4:12ஐ முழுசாக வாசித்துப் பாருங்கள். "ஆத்துமாவையும் ஆவியையும், கணுக்களையும் ஊனையும்" என்று போகிறது. எலும்பின் மூட்டும் உள்ளேயிருக்கிற மஜ்ஜையும் பக்கத்துப் பக்கத்து அறைகளா, நடுவில் கத்தி விட்டுப் பிரிப்பதற்கு? பட்டயம் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்று சொல்ல வந்த வசனம் அது. அதை வைத்து மனுஷனின் உடற்கூறு வரைபடம் போட முடியாது.

எண்ணிப் பார்த்தாலும் கணக்கு ஒத்துவராது. மாற்கு 12:30இல் இருதயம், ஆத்துமா, மனது, பலம் என்று நான்கு. உபாகமம் 6:5இல் மூன்று, அதில் ஆவியும் இல்லை, சரீரமும் இல்லை. தெசலோனிக்கேயர் வசனத்தில் பவுல் அழுத்தம் கொடுத்தது "முற்றிலும்", "முழுவதும்" என்கிற சொற்களுக்கு. ஒரு துளி மிச்சமில்லாமல் ஆள் முழுவதையும் காக்கும்படி கேட்கிறார். நாம் அதில் பிரிவினையைத் தேடி எடுத்துக்கொண்டோம்.

யோவான் சுவிசேஷத்தை வரிசையாக வாசியுங்கள். லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு "ஆவியிலே கலங்கி"னார் (11:33). அடுத்த அதிகாரத்தில் "என் ஆத்துமா கலங்குகிறது" என்கிறார் (12:27). அதற்கு அடுத்ததில் மறுபடியும் ஆவியிலே கலங்குகிறார் (13:21). 14:1இல் சீஷரிடம் உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக என்கிறார். இந்த நான்கு வசனத்திலும் கிரேக்கத்தில் கலங்குவதற்கான ஒரே வினைச்சொல் வருகிறது. அந்தக் கலக்கத்தை எந்த வட்டத்துக்குள் போடுவீர்கள்?

பழைய ஏற்பாட்டுக்குப் போனால் வட்டம் இன்னும் ஆட்டம் காணும். நாம் ஆத்துமா என்று வாசிக்கிற இடங்களில் எபிரெயச் சொல் நெஃபெஷ். அதன் அடிப்படைப் பொருள்களில் ஒன்று தொண்டை, மூச்சு போகிற வழி. அதிலிருந்து உயிர், ஏக்கம், "நான்" என்கிற ஆள் என்று விரிந்தது. சங்கீதம் 69:1 நம் பழைய மொழிபெயர்ப்பில் "வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது". வெள்ளம் எப்படி ஆத்துமா வரைக்கும் வரும் என்று சின்ன வயதில் நான் மண்டையை உடைத்துக்கொண்டதுண்டு. திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பில் பாருங்கள், வெள்ளம் "கழுத்தளவு" வந்துவிட்டது என்று போட்டிருப்பார்கள். அங்கேயும் மூலச்சொல் நெஃபெஷ்தான்.

ஆதியாகமம் 2:7 இன்னும் முக்கியம். தேவன் மண்ணைப் பிசைந்து, ஜீவசுவாசத்தை ஊதினார், "மனுஷன் ஜீவாத்துமாவானான்". உள்ளே ஒரு ஆத்துமாவைப் பெற்றுக்கொண்டான் என்று அங்கே இல்லை, ஆனான் என்றிருக்கிறது. திருவிவிலியம் "உயிர் உள்ளவன் ஆனான்" என்கிறது. (அதே நெஃபெஷ் ஹய்யா என்ற சொல் முதலாம் அதிகாரத்தில் தண்ணீரில் நீந்துகிற ஜந்துக்களுக்கும் வருகிறது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் வகுப்பு முழுக்க நாய்க்குட்டிக் கேள்விதான் வரும், ஜாக்கிரதை.) அப்புறம் ஆவி: எபிரெயத்தில் ரூவாக், காற்றுக்கும் மூச்சுக்கும் அதே சொல். ஒரே மனுஷனைத் தேவனிடமிருந்து வந்த மூச்சின் பக்கமிருந்து பார்த்தால் ஆவி, ஏங்குகிற, தவிக்கிற உயிராகப் பார்த்தால் ஆத்துமா, தொட்டுப் பார்க்கும்படி நிற்பவனாகப் பார்த்தால் சரீரம்.

அதற்காகச் சாவில் ஒன்றும் பிரிவதில்லை என்று சொல்லவில்லை. "தேகத்தைவிட்டுப் பிரிந்து" கிறிஸ்துவோடு இருக்கப் பவுல் ஆசைப்பட்டார். இயேசு சிலுவையில் தம் ஆவியைப் பிதாவின் கைகளில் ஒப்புவித்தார். பாட்டி கர்த்தரிடத்தில் இருக்கிறார் என்று தயங்காமல் சொல்லுங்கள். போனது ஆவி என்றாலும் ஆத்துமா என்றாலும் ஆள் ஒருவர்தான். ஆனால் பவுல் அந்த நிலையோடு திருப்திப்படவில்லை. 2 கொரிந்தியர் 5இல் உடை களைந்து நிற்பதை அவர் விரும்பவில்லை, மேலே இன்னொன்றை உடுத்திக்கொள்ளத்தான் தவிக்கிறார். சரீரம் சிறை, ஆத்துமா தப்பித்தது என்பது கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவின் பேச்சு. மரித்தோர் உயிர்த்தெழுவதே இல்லை, சாகும்போதே ஆத்துமா பரலோகம் போவதோடு சரி என்று சொல்பவர்களைக் கிறிஸ்தவர்கள் என்று எண்ணவேண்டாம் என இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் எழுதிவைத்தார். கொஞ்சம் கடுமைதான்.

இப்போது அந்தக் காரணம். ஒரு அடக்க ஆராதனையில், "இது வெறும் கூடு, ஆள் பறந்துவிட்டார்" என்று பேசினேன். எனக்கே பிடித்துப்போன வரி, எல்லா அடக்கத்திலும் சொல்வேன். இறந்தவரின் மனைவி அவர் சட்டைக் காலரின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே, தலை நிமிராமல், "கூடு இல்லீங்க ஐயா, இது அவர்தான்" என்றார். அஞ்சு நிமிஷம் கழித்து நானே விசுவாசப் பிரமாணம் சொன்னேன். "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்கிற இடத்தில் நாக்கு தடுமாறியது. அதோடு அந்த வரியையும் விட்டேன், வட்டத்தையும் விட்டேன்.

பிள்ளை கையைப் பற்றிக் கேட்டது. சரியான கேள்வி அதுதான்.

மெழுகுதிரி:

நான் கத்தோலிக்கன். போதகர் ஐயா சொன்னதில் பெரும்பகுதி எங்கள் மறைக்கல்வியோடு ஒத்துப்போகிறது. 1312இல், பிரான்சின் வியன் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் ஆன்மாவே உடலின் வடிவம் என்று அறிவித்தது. சட்டிக்குள் தண்ணீர் போல உடலுக்குள் ஆன்மா இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆன்மாவால்தான் இந்தச் சதை மனித உடலாகவே இருக்கிறது. அதற்கு முன்பே இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இன்னும் ஒரு படி மேலே போய், "என் ஆன்மா நான் அல்ல" என்றே எழுதினார். ஆன்மா மட்டும் மீட்கப்பட்டால் நான் மீட்கப்பட்டதாகாது என்கிறார்.

மூன்று பாகக் கணக்கைத் திருச்சபை கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்ததற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவின் ஆயர் அப்பொல்லினாரிஸ், மனிதனை மூன்றாகப் பிரித்து, இயேசுவுக்கு மனித உடலும் உயிரும் உண்டு, ஆனால் மனித அறிவு இருக்கவேண்டிய இடத்தில் தேவ வார்த்தையே இருந்தது என்றார். 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அதைத் தள்ளியது. அக்காலத்து ஆயர் நாசியான்சின் கிரகோரியார் சொன்ன காரணம் எளிமையானது: மனித இயல்பில் கிறிஸ்து எதைத் தமதாக ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை.

காத்திருப்பவன்:

எங்கள் சபையில் வேறு மாதிரி. ஆதியாகமம் 2:7ஐ நாங்களும் இப்படித்தான் வாசிக்கிறோம், ஆனால் பாதியில் நிறுத்துவதில்லை. முழு மனுஷனும் ஆத்துமா என்றால், சாகும்போது முழு மனுஷனும் தூங்குகிறான். "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" (பிரசங்கி 9:5). லாசரு நித்திரையடைந்திருக்கிறான் என்றுதான் இயேசுவும் சொன்னார். பாட்டி தூங்குகிறார், எழுப்பப்படுவார். பிள்ளைக்கு இதைவிட எளிதாக என்ன சொல்ல முடியும்?

ஓய்வில் இருக்கும் போதகர்:

தம்பி, உங்கள் வாசிப்பில் ஒழுங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று கள்ளனிடம் சொன்னதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. சீர்திருத்தவாதி கால்வின் இளைஞனாக இருந்தபோது எழுதிய முதல் இறையியல் நூலே இந்த ஆத்தும நித்திரைக்கு எதிராகத்தான். 1534இல் எழுதி, 1542இல்தான் அச்சானது. ஆக நாம் இருவரும் இங்கே முடித்துவிடப் போவதில்லை. ஒன்று மட்டும்: பாட்டி தூங்குகிறார் என்று சொன்னால் அந்தப் பிள்ளை இரவில் கண்ணை மூடப் பயப்படக்கூடும்.

சாக்பீஸ் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பு முடிந்தது. பலகையில் வட்டம் போடவில்லை. லூக்கா 24ஐ வாசித்தேன், "என் கைகளையும் என் கால்களையும் பாருங்கள்" என்று இயேசு காட்டுகிற இடம், பிறகு மீன் சாப்பிடுகிற இடம். பாட்டி இப்போது இயேசுவோடு இருக்கிறார், ஆனால் கதை இன்னும் முடியவில்லை, கையும் திரும்ப வரும் என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "விரல் நேராயிடுமா, கோணலாவே இருக்குமா? நேராயிட்டா அது பாட்டின்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஐயா, மறுபடியும் உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

ஓய்வில் இருக்கும் போதகர்:

உயிர்த்தெழுந்தவரின் கையில் தழும்பு இருந்தது, தோமாவுக்கு அதைக் காட்டினார். அதே சமயம் மகதலேனா மரியாள் அவரைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியாமல் தோட்டக்காரன் என்று நினைத்தாள், பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. இரண்டையும் சொல்லிப்பாருங்கள். விரலைப் பற்றி நான் வாக்குக் கொடுக்கமாட்டேன்.

கொரிந்துவிலும் ஒருவன், மரித்தோர் எப்படிப்பட்ட சரீரத்தோடே வருவார்கள் என்று கேட்பான் என்று பவுல் எழுதுகிறார். அவர் விதையையும் முளைக்கிற பயிரையும் காட்டிப் பதில் சொன்னார், அதை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிலை "புத்தியீனனே" என்று ஆரம்பித்திருக்கிறார். அதை மட்டும் விட்டுவிடுங்கள்.