அம்மாவோட பிரஷர் மாத்திரை காலைலயா ராத்திரியா? பார்மசில ஆளுக்கொரு கதை சொல்றாங்க

தலவாக்கலை_பொடியன்:
எங்கம்மா தோட்டத்துல கொழுந்து எடுக்குறாங்க, வயசு 54. கிளினிக்ல பிரஷருக்கு லொசார்டன், அம்லோடிபின், எச்சிடி (ஒண்ணுக்கு போக வைக்குற மாத்திரை) மூணும் குடுத்திருக்காங்க. எச்சிடி காலைல போடணுமாம், போட்டுட்டு மலைக்கு போனா பத்து மணிக்குள்ள மூணு தடவ ஒண்ணுக்கு முட்டுது, அங்க ஏது கக்கூசு, தேயிலைக்குள்ளதான் ஒதுங்கணும், அட்டக்கடி வேற. அதனால அவங்களே ராத்திரிக்கு மாத்திக்கிட்டாங்க. இப்ப நடுச்சாமத்துல டோர்ச்ச புடிச்சிக்கிட்டு நாங்க இருக்குற லய வீட்டுக்கு பின்னால போறாங்க, மழைல படி வழுக்குது. டவுன்ல ஒரு பார்மசில "எல்லாத்தையும் ராத்திரி போடுங்க, ஹார்ட்டுக்கு நல்லது"ங்குறாங்க, இன்னொரு கடைல "டொக்டர் எழுதுன மாதிரி போடுங்க"ன்னு மூஞ்ச திருப்பிக்கிட்டாங்க. யார நம்புறது?

மஸ்கெலியா_மச்சான்:
எங்கப்பாவுக்கு குடுத்த பிரசோசின்ங்குற பிரஷர் மாத்திரை கவர்ல நொக்டேன்னு எழுதியிருந்திச்சு, மனுசன் அத மாத்திரை பேருன்னு நெனச்சி காலைல போட்டுட்டு, வேலைக்கு ஆளு கூடுற பெரட்டுக்களத்துல தல சுத்தி உக்காந்துட்டாரு. நொக்டேன்னா ராத்திரி, மானேன்னா காலை, லத்தீனாம். லத்தீன்ல எழுதுறவங்களுக்கு தமிழ்ல "ராத்திரி"ன்னு எழுத கை வராதா?

கவுண்டருக்கு_பின்னால:
தம்பி, நான் பார்மசிஸ்ட்தான். ராத்திரி கதை ஸ்பெயின்ல செஞ்ச ஒரு ஆராய்ச்சில இருந்து பரவுனது, அதுக்கு பொறகு 2022ல பிரிட்டன்ல டைம்னு ஒரு ஆராய்ச்சி முடிவு வந்திச்சு, 21,000 பேருக்கு மேல, அஞ்சு வருசத்துக்கு கிட்ட பாத்தாங்க, ஹார்ட் அட்டாக் ஸ்ட்ரோக்ல காலைக்கும் ராத்திரிக்கும் வித்தியாசம் இல்ல. எங்க ஆளுங்கள்ல பல பேரு முதல் கதையோட நின்னுட்டாங்க. அம்லோடிபின் ஒடம்புல பாதியா குறையவே 30லருந்து 50 மணித்தியாலம் போகும், அதுக்கு நேரம் பெருசில்ல, தெனம் ஒரே நேரம்னா போதும். எச்சிடி மட்டும் வேற, போட்டு ரெண்டு மணித்தியாலத்துல ஆரம்பிக்கும், நாலாவது மணில உச்சம், ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் இழுக்கும். அஞ்சரைக்கு போட்டா ஒம்பதரைக்கு உச்சி மலைல நிப்பாங்க, கணக்கு பாருங்க. நீங்களா நிப்பாட்டிராதீங்க, அம்மா மலை வேலைன்னு கிளினிக்ல சொல்லுங்க, அளவ குறைக்கவோ வேற மாத்திரைக்கு மாத்தவோ டொக்டரால முடியும். சொன்னாங்களா இல்லயா?

தலவாக்கலை_பொடியன்:
கேட்டேன் அண்ணே. "ஆம்பள டொக்டர்கிட்ட ஒண்ணுக்கு கதைய எப்புடிடா சொல்றது"ங்குறாங்க.

கவுண்டருக்கு_பின்னால:
அப்ப கிளினிக் புத்தகத்துக்குள்ள துண்டு எழுதி வைங்க. "கொழுந்து வேலை, மலைல கக்கூசு இல்ல"ன்னு ரெண்டு வரி. நீங்களும் கூட போங்க.